நகைக்கடை விளம்பரத்துக்கு உள்ள மரியாதை தாமஸ் கோலுக்குக் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் தாமஸ் கோலின் 'தி ஆக்ஸ்போ' (ஆற்று வளைவு) ஓவியத்துக்குக் கீழே, "ஹட்சன் நதியின் அமைதியான வளைவைக் கேமராவில் பிடித்ததுபோல் அப்படியே தீட்டியிருக்கிறார்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். நதி தப்பு, அமைதி தப்பு, கேமராவும் தப்பு. இத்தனையையும் ஒரே வரியில் அடக்கத் தனித் திறமை வேண்டும்.

அது கனெக்டிகட் நதி. மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் ஊருக்கு எதிரே, ஹோலியோக் மலை மேலிருந்து பார்த்த காட்சி. ஓவியத்தின் முழுத் தலைப்பிலேயே இந்த விவரம் இருக்கிறது. 'இடிமழைக்குப் பின்' என்றும் சேர்த்தே இருக்கிறது. அமெரிக்க நிலக்காட்சி ஓவியர்கள் சிலருக்கு 'ஹட்சன் நதிக் குழு' என்று பெயர்; கோலையும் அதில் சேர்த்துச் சொல்வதைக் கேட்டு நதியையும் முடிவு செய்துவிட்டார்கள் போலும். மைசூர்பாகு எல்லாம் மைசூரிலிருந்து வருகிறது என்பதுபோல.

அமைதி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. படத்தின் இடப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டீர்கள். அசல் 193 செ.மீ. அகலம், 130.8 செ.மீ. உயரம். நீங்கள் வெட்டிய பக்கத்தில்தான் கருமேகமும் மழையும் முறிந்த அடிமரமும் அடர்காடும் இருக்கின்றன. வலப்புறம் கீழே வெயில், பாத்தி கட்டியது தெரியும் வயல்கள், படகு போகும் ஆறு. இரண்டுக்கும் நடுவே மலைச்சரிவு மூலைவாட்டில் இறங்குகிறது. காடு பின்வாங்க வயல் முன்னேறி வருவது நல்லதுக்கா என்று கோல் கேட்பது அந்தச் சரிவில்தான். பாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காலண்டர் படம்.

போதாக்குறைக்கு அடியில் ஒரு பச்சைப் பட்டை, அதன் மேல் கட்டுரைத் தலைப்பு. அந்தப் பட்டைக்கு அடியில் யார் இருக்கிறார் தெரியுமா? சாட்சாத் கோல். பாறைகளுக்கு இடையே தொப்பியோடு உட்கார்ந்து, வரைவதை நிறுத்தி, திரும்பி நம்மைப் பார்க்கிறார். விரல் நுனி அளவு உருவம். உங்கள் பக்கத்தில் பாறை மேல் சாய்த்த குடை மட்டும் தெரிகிறது, குடைக்காரரைக் காணோம்.

1836-இல் தீட்டிய படத்துக்குக் கேமரா உவமை வேறு! புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல். இந்த வளைவைக் கருவி வைத்து உள்ளபடி வரைந்தவர் வேறு ஆள்: பேசில் ஹால் என்ற பிரிட்டிஷ் கடற்படை கேப்டன். எதிரே உள்ள காட்சியைத் தாள்மேல் தெரியவைக்கும் கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவியால் வரைந்து 1829-இல் அச்சிட்டார். கோல் அதை நகலெடுத்துப் பார்த்தார். பிறகு மலைக்கே போய், நோட்டின் இரண்டு பக்கம் விரிய பென்சிலில் குறித்துக்கொண்டார். கான்வாஸில் தீட்டும்போது இரண்டையும் மீறினார். ஒரே பார்வையில் அடங்காத அகலத்தை ஒன்றாக இணைத்தார், புயலை ஒரு பக்கம் ஏற்றினார்.

கட்டுரையின் கடைசியில் நதி 'இன்றும் அப்படியே வளைந்தோடுகிறது' என்ற புளகாங்கிதம் வேறு. வளைவின் வெளிக்கரை அரிபடும், உட்கரையில் வண்டல் சேரும், வளைவின் இரு முனைக்கும் இடையே உள்ள நிலக் கழுத்து குறுகும், பெருவெள்ளத்தில் ஆறு அதை அறுத்துக்கொண்டு நேரே போகும். பள்ளிக்கூடத்தில் குருட்டு ஆறு என்று படித்ததுதான். இங்கே அது 1840-இல் நடந்தது. ஒதுங்கிப்போன அந்த வளைவின் மேல் இப்போது இன்டர்ஸ்டேட் 91 நெடுஞ்சாலை போகிறது.

இது முதல் முறையும் அல்ல. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' ஓவியத்தைப் போட்டபோது வானத்தின் மேல் முக்கால் பங்குக்குத் தலைப்பை ஏற்றினீர்கள். மேகத்துக்காகவே தனியாக எண்ணெய் வண்ணப் பயிற்சிகளைச் செய்து குவித்தவர் அவர். அந்தப் படத்தையும் நீர்வண்ணம் என்றீர்கள். நான் எழுதிய கடிதம் என்ன ஆனதோ, தங்களுக்கே வெளிச்சம்.

இருட்டுப் பகுதி செய்தித்தாளில் மை அப்பி அடைத்துக்கொள்ளும், அதனால் வெட்டினோம் என்பீர்கள். அந்தக் காகிதத்தில் 40 சதவீத இடத்தை மூட வேண்டிய மைப்புள்ளி அச்சானதும் பரவி 65-ஐத் தொடும் என்பது அச்சுத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாததா? நான்கு வண்ணத்துக்கு மாற்றும் முன் நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொடுங்கள். சயான், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் சாம்பலை எடுத்துவிட்டு அங்கே கறுப்பை வையுங்கள். நான்கு மையும் சேர்ந்து (ஒவ்வொன்றும் முழுசாக விழுந்தால் 400) 240 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மரத்தின் முறிவுகூடத் தெரியும். எதிர்ப்பக்கத்து நகைக்கடை விளம்பரத்தில் அட்டிகையின் கல் ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்திருக்கிறதே! அதில் ஓரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். படத்தை வைத்திருக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் இதுபோன்ற பழைய ஓவியங்களின் கோப்புகளைக் கட்டணமில்லாமல் தருகிறது. 18 செ.மீ. அகலத்தில் போட்டால் உயரம் 12.2 செ.மீ.தான் வரும், வரும் ஞாயிறு முழுசாகப் போடுங்கள். கீழே ஓவியர், ஆண்டு, எண்ணெய் வண்ணம், அளவு, இருக்குமிடம் என்று ஒரே வரி. பட்டை வேண்டாம்.

இப்படிக்கு,
அச்சுத் தொழிலில் உள்ள வாசகர்,
சிவகாசி