படுக்க ஒரு கட்டில் போடுங்கள்

மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பிளாஸ்மா மெட்டாநெப்ரின் பரிசோதனைக்கு, அதாவது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஓர் அரிய கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு, எப்படி ரத்தம் எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தங்கையின் ரிப்போர்ட்டின் அடியில் நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்: 30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்த பிறகே ரத்தம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவை எச்சரிக்கையோடு பார்க்கவும். எழுத்து பொடிசுதான், ஆனாலும் படிக்க முடிந்தது.

அவளுக்கு ரத்தம் எடுத்தது நாற்காலியில். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள். கேட்டதற்கு, “படுக்க இடமில்லை சார், மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்று பதில் வந்தது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. கட்டில் வாங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

இப்போது அந்தப் பரிசோதனையில் அளக்கும் நார்மெட்டாநெப்ரின் என்ற பொருள் வரம்புக்குச் சற்று மேலே வந்திருக்கிறது. சற்றுதான். காரணம் கட்டியா, நாற்காலியா? யாராலும் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தாலோ நின்றாலோ ரத்த அழுத்தம் விழாமல் தாங்க உடலே நோரட்ரினலின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அதோடு, அதிலிருந்து உண்டாகும் நார்மெட்டாநெப்ரினும் ஏறும். படுத்தவர்களிடம் எடுத்த அளவுகளை வைத்து வகுத்த வரம்பை, உட்கார்ந்தவளுக்குப் போட்டுப் பார்த்தால் என்ன வரும்? அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2014-லேயே படுக்க வைத்து எடுக்கச் சொல்லிவிட்டது.

நெஞ்சு படபடப்பு, தலைவலி, துணி நனையும் வியர்வை, திடீரென எகிறும் பிரஷர். இதெல்லாம் மனப்பதற்றம் என்று பல வருடம் மாத்திரை கொடுத்தார்கள். கடைசியாக ஒரு டாக்டர்தான் பியோகுரோமோசைட்டோமா, அதாவது அட்ரினல் கட்டி, இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். படபடப்பு வந்துவந்து போனாலும், கட்டி மெட்டாநெப்ரினை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் படபடப்பு வரும் நேரம் பார்த்து ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. முறையாக எடுத்து அளவு சரியாக வந்தால், கட்டி அநேகமாக இல்லை என்றே நிம்மதியடையலாம். அந்த நிம்மதியைத்தான் ஒரு கட்டில் இல்லாமல் தட்டிப் பறித்துவிட்டீர்கள். ராத்திரியில் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள். அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றும் யாரும் கேட்கவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் இதே அளவை ஏற்றிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஏசிடிஎச் என்ற வேறொரு ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த குழாய்களையாவது ஐஸில் வைக்கிறீர்களா, இல்லை அதற்கும் இடமில்லையா? அரிய நோய்க்காரர்கள் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்ற கணக்கு புரிகிறது. வரவேற்பறையில் சோபாவுக்கும் மீன்தொட்டிக்கும் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் கட்டடத்தில் நிதானமாக ஓய்வெடுப்பவை அந்த மீன்கள்தாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து ஒரு கட்டில் போடுங்கள். ரத்தம் எடுக்கும் ஊசியை முதலிலேயே குத்திவைத்துவிட்டு, அரைமணி நேரம் படுக்க வைத்து, அப்புறம் ரத்தம் எடுங்கள். மாத்திரைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விதியை நீங்களே மீறி எடுத்த பரிசோதனை இது என்பதால், என் தங்கைக்கு மறுபடி செய்யும்போது கட்டணம் வாங்காதீர்கள். கட்டில் போட முடியாதென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், படுக்க இடமுள்ள வேறு கூடத்துக்குப் போய்க்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நோயாளியின் அண்ணன்