சுகர் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்: ஈறையும் கொஞ்சம் பாருங்க

வணக்கம் டாக்டர்ஸ்,

செக்கப்புக்கு வந்தா எடை, பிபி, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) எல்லாம் பாக்குறீங்க, வருஷத்துக்கு ஒரு தடவ கண்ணுக்கு அனுப்புறீங்க, கால்ல உணர்ச்சி இருக்கான்னு தொட்டுப் பாக்குறீங்க, எல்லாம் சரி, வாய்? "ஆ காட்டுங்க"ன்னு டார்ச் அடிக்கிறப்ப கூட வெளிச்சம் பல்லு ஈறெல்லாம் தாண்டி நேரா தொண்டைக்குத்தான் போகுது. வழியில ஈறு செவந்து வீங்கி நிக்கும், அத யாரும் கண்டுக்கிறதில்ல.

சுகர் ஏறுனா ஈறு கெடும்னு உங்களுக்குத் தெரியாததில்ல, 1993லயே இத சுகரோட ஆறாவது பாதிப்புன்னு எழுதிட்டாங்க. ஆனா ஈறு கெட்டா சுகரும் ஏறும்ங்கிறது பேஷண்ட் காதுக்கு வர்றதே இல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல பள்ளம் விழுந்து, அதுல கிருமி தங்கி, மாசக்கணக்குல உள்ளுக்குள்ளயே புண்ணா இருந்தா, அங்கருந்து ஐஎல்-6, டிஎன்எஃப் ஆல்ஃபான்னு வீக்கத்த தூண்டுற பொருளெல்லாம் ரத்தத்துல கலந்து இன்சுலின ஒழுங்கா வேலை செய்ய விடாது, சுகர் ஏறும், அதுல ஈறு இன்னும் கெடும், இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்குற காக்ரேன் அமைப்பு 2022ல போட்ட ரிவ்யூல 35 ஆய்வ சேத்துப் பாத்துருக்காங்க, ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணிக்கிட்டவங்களுக்கு 3-4 மாசத்துல எச்பிஏ1சி சராசரியா 0.43 சதவீதப் பாயிண்ட் கொறஞ்சிருக்கு. அதிசயம்லாம் இல்லதான், ஆனா இதுக்கு மாத்திரை எதுவும் கூட்டல பாருங்க.

ஈறு கெட்டா ஹார்ட் அட்டாக் வரும்னு வாட்ஸ்அப்ல பயமுறுத்துற கதைய நான் சொல்ல வரல. தொடர்பு தெரியுது, இதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல, அதோட விட்டுடலாம்.

பிரச்சனை என்னன்னா இது வலிக்காது. பல்லு வெளக்கித் துப்புனா நுரை லேசா ரோஸ் கலர்ல வரும், அவ்ளோதான். பிரஷ் பட்டுதான் கீறிடுச்சுன்னு நெனச்சு நாங்க அந்தப் பக்கம் தேய்க்காமலே விட்டுடுவோம், அழுக்கு சேந்து இன்னும் மோசமாகும். எங்க வீட்டுப் பெரியவருக்கு சுகர் இறங்கலன்னு டோஸ் ஏறிக்கிட்டே போச்சு, டயட்ல ஏமாத்துறீங்கன்னு திட்டு வேற. கீழ்ப்பல்லு நாக்கு பட்டாலே ஆடுச்சு, ஒருத்தரும் கேக்கல. அவரும் பல்லுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னு வாயே தொறக்கல.

நீங்க ஸ்கேலிங் (பல்லு சுத்தம்) பண்ண வேணாம் டாக்டர். ஈறுல ரத்தம் வருதா, பல்லு ஆடுதான்னு ரெண்டே கேள்வி கேளுங்க, ஆமான்னா கண்ணுக்கு எழுதிக் குடுக்குற மாதிரியே பல்லுக்கும் சீட்டு எழுதிக் குடுங்க. வெறுமன வாயால "பல்லையும் காட்டிக்குங்க"ன்னா நாங்க போக மாட்டோம், நெசமாத்தான் சொல்றேன்.

அப்புறம் இன்னொன்னு, பிபிக்கு அம்லோடிபின் எடுக்குற சிலருக்கு ஈறு தடிச்சு பல்லு மேல வளருது. அது மாத்திரையால கூட இருக்கலாம்னு எங்ககிட்ட சொல்ல வேண்டியது நீங்களா, பல் டாக்டரா? ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு சுகர் பேஷண்ட் வீட்டு ஆளு