ஆஷாக்களுக்கு விருது தருமுன் அந்த நிபந்தனையை நீக்குங்கள்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்களுக்கும், தேசிய நலவாழ்வு குழுமத்தின் தமிழ்நாடு இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தாய் சேய் நலத்தில் சிறப்பாகப் பணியாற்றும் ஆஷாக்களை, அதாவது வீடு வீடாகச் சென்று பார்க்கும் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர்களைக் கௌரவிக்கப் பெயர் கேட்டு எங்கள் மலைப்பகுதி வட்டாரங்களுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. எந்த மாவட்டம் என்பது இங்கே வேண்டாம். அனுப்பியவர்கள் கைக்குக் கிடைத்த பழைய மாதிரியைத்தான் நகலெடுத்திருப்பார்கள். நோக்கம் நல்லது, நன்றி. ஆனால் அதில் ஒரு கேள்வி: 'கடந்த ஓராண்டில் தங்கள் பகுதியில் தாய் மரணம் அல்லது சிசு மரணம் உண்டா?' அதன் அடியில் சிறிய எழுத்தில், 'உண்டு எனில் பரிந்துரைக்க வேண்டாம்.'

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 முதல் நடக்கும் பச்சிளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் ஆஷாவுக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை. மருத்துவமனைப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஆறு வருகை. வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு. பணம் 45ஆம் நாளில். அதற்குப் பிறந்த எடை தாய் சேய் நல அட்டையில் ஏறியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பு பதிவாகியிருக்க வேண்டும். இவையெல்லாம் சரி, ஆஷா முயன்றால் நடக்கக்கூடியவை. கடைசி நிபந்தனைதான் எங்களை எழுத வைத்தது: 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும்.

அதாவது, 28ஆம் நாள் வரை ஐந்து முறை மலையேறிப் போய்ப் பார்த்த சிசு 30ஆம் நாள் இறந்துபோனால் அந்த ஐந்து நடையும் கணக்கில் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த நிபந்தனையை நீக்குங்கள். போய்ப் பார்த்த ஒவ்வொரு வருகைக்கும் பணம் கொடுங்கள்.

அந்த ஒரு வருகையில் என்ன வேலை என்று கோப்பில் தெரியாது. பையில் தொங்கு தராசு, டிஜிட்டல் வெப்பமானி, கைக்கடிகாரம், போர்வை. முதலில் வெறும் தொட்டில் துணியை மாட்டி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு சிசுவின் துணியைக் களைந்து, முள்ளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மலைக்குடிசையில் இதை நிதானமாகச் செய்ய முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திவிட்டு, நொடிகளில் முடித்து உடனே தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்த வேண்டும். வருடக்கணக்கில் தொங்கிய தராசின் சுருள்வில் தளர்ந்துவிடுகிறது. முள் 200 கிராம் கூட்டிக் காட்டினால் 1.75 கிலோ சிசு 1.95 ஆகிவிடும். 1.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் எஸ்.என்.சி.யு.வில் (மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை சிறப்புப் பராமரிப்புப் பிரிவில்) சேர்க்க வேண்டிய சிசு, வீட்டிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் அடைத்த பாட்டிலைத் தொங்கவிட்டுத் தராசைச் சரிபார்க்கிற ஆஷாக்கள் இருக்கிறார்கள். அது எந்தப் பயிற்சிக் கையேட்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்தது நல்லதாயிற்று. வெப்பமானியின் பொத்தான் பேட்டரி தீர்ந்தால் மலைக்கடையில் கிடைக்காது, சந்தைக்கு இறங்கித்தான் வாங்க வேண்டும், சொந்தக் காசில்.

மூச்சை எண்ணுவது இன்னும் கடினம். முழுதாக ஒரு நிமிடம், சிசு அழாமல் இருக்கும்போது. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. பச்சிளஞ்சிசுவின் மூச்சு ஒரே சீராக ஓடாது. 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மறுபடி ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்து, அப்போதும் அதேதான் என்றால் உடனே வண்டி. வண்டி வரும் இடம் வரைக்கும் தூக்கிப் போவது யார், தீட்டு கழியவில்லை என்று தடுக்கும் மாமியாரைப் பேசி வழிக்குக் கொண்டுவருவது யார், தொப்புளில் வைத்த சாம்பலைச் சண்டையில்லாமல் துடைப்பது யார் என்ற கேள்விகளுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட வரவில்லை.

இனி அந்த நிபந்தனை யாரை அடிக்கிறது என்று பாருங்கள். மாநிலத்தின் பேறுகால மரண விகிதம் 2018-20 கணக்கில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54, நாடு முழுதும் 97. மேடையில் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டில் சமவெளியில் ஆஷாக்களே கிடையாது. அங்கே கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். பழங்குடிகள் வாழும் மலைகளுக்கும் எட்டாத ஊர்களுக்கும்தான் ஆஷா. ஆக மாநிலத்திலேயே சிசு இறக்கும் வாய்ப்பு அதிகமுள்ள இடங்களைத் தேடி ஆள் போட்டுவிட்டு, 'உன் பகுதியில் சிசு இறந்தால் பணமில்லை, இப்போது பாராட்டும் இல்லை' என்கிறோம். ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா என்று வைத்தால் அவர் பகுதியில் ஆண்டுக்குப் பதினைந்து பிரசவம் இருக்கும். பதினைந்தில் ஒன்று தவறுவதும் தவறாததும் ஒருவரின் உழைப்பை அளக்கும் கோல் அல்ல என்பது மாவட்டப் புள்ளியியல் அலுவலருக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மரணம் வந்தால் எல்லோருக்கும் நட்டம் என்று ஆகிவிட்டால், இரண்டு மூச்சு விட்டு இறந்த சிசு ஏட்டில் 'இறந்தே பிறந்தது' என்று மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. அப்படி எழுதிய பிறகு அது மூச்சுத்திணறலா, கிருமித் தொற்றா, உடல் குளிர்ந்து போனதா என்று ஆராய எதுவும் மிஞ்சாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பாங்கும் டாக்டர் ராணி பாங்கும் ஊர்ப்பெண்களைக் கொண்டு இந்த வீட்டு வருகை முறையை உருவாக்கியபோது, ஒவ்வொரு சிசு மரணத்தையும் விடாமல் எண்ணியதுதான் அதன் அடித்தளம். எண்ணியவரைத் தண்டிக்கவில்லை.

வேடிக்கையும் உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண் ஒருவர் இறந்ததை 24 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் தெரிவித்தால் ஆஷாவுக்கு 200 ரூபாய் என்று இன்னொரு பட்டியல் சொல்கிறது. இறந்ததைச் சொன்னால் பணம். சாகாமல் காக்க நடந்த நடைக்கு, தோற்றால், பணமில்லை. 2022 மே மாதம் உலக சுகாதார அமைப்பு இந்தியாவின் பத்து லட்சம் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது அளித்தது. 1973 முதல் வழங்கப்படும் தேசிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதோ பதிவு பெற்ற செவிலியருக்கு மட்டும். ஜெனீவாவில் தலைவர், நம் ஊரில் தன்னார்வலர்! சால்வை, கேடயம், குழுப்படம் எல்லாம் நடந்துகொண்டிருக்கையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் பாதி நிகழ்ச்சியில் எழுந்து ஓடுகிறவரும் அவர்தான். போகட்டும், இது வேறு புலம்பல்.

விதியை வளைக்க முடியாது என்று பதில் வரக்கூடும். வளைத்திருக்கிறார்கள். சிசேரியனில் தாய் தாமதமாக வீடு திரும்பினால் 7ஆம் நாளிலிருந்து ஐந்து வருகைக்கே முழுத்தொகை உண்டு. எஸ்.என்.சி.யு.விலிருந்து வந்த சிசுவுக்கு மீதி வருகைகளை முடித்தாலும் முழுத்தொகை. இத்தனையும் யோசித்தவர்களுக்கு இறந்த சிசு மட்டும் எப்படித் தப்பியது?

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: 42 நாள் நிபந்தனையை நீக்க மைய அரசுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை, மரணம் நேர்ந்த இடங்களில் அதுவரை முடிந்த வருகைகளுக்கான தொகையை மாநில நிதியிலிருந்து வழங்க ஆணையிடுங்கள். ஓராண்டில் அப்படிப்பட்ட இனங்கள் எத்தனை இருக்கும் என்று தங்கள் கணக்குப் பிரிவே சொல்லிவிடும், கருவூலம் கவிழ்ந்துவிடாது.

விருதும் கொடுங்கள். ஆனால் மரணம் உண்டா என்று கேட்காதீர்கள். எடை குறைந்த சிசுக்கள் எத்தனை வீட்டில், எத்தனை வருகை நடந்தது, அபாய அறிகுறி கண்டு எத்தனை பேரை எத்தனை மணி நேரத்தில் அனுப்பினார், நேர்ந்த மரணத்தை மறைக்காமல் பதிவு செய்தாரா என்று கேளுங்கள். தேர்வுக்குழுவில் அந்த ஊர்த் தாய்மார் இருவரையும் கிராம சுகாதார செவிலியரையும் சேருங்கள். கேடயத்துக்குச் செலவிடும் தொகையில் ஒவ்வொரு மலை வட்டாரத்துக்கும் பத்துப் புதுத் தராசும் ஒரு பெட்டி பேட்டரியும் வாங்க முடியுமா என்று பாருங்கள். 'நிபந்தனை நிறைவேறவில்லை' என்று ஏற்கெனவே தள்ளுபடியான பட்டியல்கள் வட்டார அலுவலகங்களில்தான் இருக்கின்றன. அவற்றைத் திருப்பி எடுத்துப் பார்க்கத் தங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்.

இப்படிக்கு,
மலைப்பகுதித் தாய் சேய் நலப் பணியில் இருப்போர்