முரெடாக்குக்காக ஒரு மன்றாட்டு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயணப் பிரசுரத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பனிமூட்டம், பச்சை மலை, பழைய சிலுவை, கெல்டிக் ஞானம் என்று எல்லாம் இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்பது மட்டும் இல்லை. எங்கள் பங்குக் கோயில் குழுவோடு நான் அயர்லாந்தில் சுற்றிவந்ததும் ஏறக்குறைய இதே பாதைதான். அதனால் போகலாமா என்று என்னைக் கேட்கிறாய். போ பிள்ளை, மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. ஆனால் பிரசுரத்தில் போட்டிருப்பதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதே. தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்வாள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்களை நியூகிரேஞ்சுக்குக் கூட்டிப்போவார்கள். போயின் ஆற்றுக்கு மேலே, புல் மூடிய பெரிய கல்லறை மேடு. கி.மு. 3200 அளவில் கட்டியது. கீசாவின் பிரமிடுகளைவிட மூத்தது. கெல்டிக் மொழி, அதாவது ஐரிஷின் மூதாதை மொழி, பேசியவர்கள் அந்த மண்ணுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. ஆனாலும் எங்கள் பஸ்ஸில் பாதிப்பேர் அதைக் கெல்டிக் கோயில் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக அதைத் திருத்தினார். முகப்பில் பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கல் சுவரும் 1970களில் அகழாய்வாளர்கள் மீண்டும் அடுக்கியது. பழைய சுவர் இப்படித்தான் நின்றதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

உள்ளே போகும் வழி 19 மீற்றர் நீளம். சில இடங்களில் உடம்பைத் திருப்பி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நகரலாம். நடுவறையில் எல்லோரும் நின்றதும் விளக்கை அணைத்துவிட்டு, மாரிகாலத்தின் மிகக் குறுகிய பகலில் சூரியன் எப்படி நுழைகிறது என்பதை ஒரு மின்விளக்கால் காட்டுகிறார்கள். டிசம்பர் 21ஐ ஒட்டிய சில காலைகளில், வாசலுக்கு மேலே விட்டிருக்கும் சிறிய திறப்பு வழியாக உண்மையான வெயில் வந்து 17 நிமிடங்கள் அளவில் நிற்குமாம். அன்று உள்ளே நிற்கச் சீட்டுக் குலுக்கித்தான் ஆட்களைத் தெரிவு செய்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது மின்விளக்கு மட்டுமே. ஆனாலும் அந்த மஞ்சள் கோடு தரையில் ஊர்ந்து வரத் தொடங்கியதும், விமான நிலையத்திலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர்கூட வாயை மூடினார்.

அடுத்தது சிலேன் குன்று. 433ஆம் ஆண்டு, அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்திரிசியார் அங்கே உயிர்ப்புத் திருநாளின் பாஸ்காத் தீயை மூட்டினார் என்றும், எதிரே தாரா மலையிலிருந்த அரசன் அதைக் கண்டு கொதித்தான் என்றும் மரபு சொல்கிறது. கதையை எழுதிவைத்தவர் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிந்தியவர். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்த எனக்கு அவர் பச்சை அங்கியும், கையில் மூவிலைப் புல்லும், காலடியில் பாம்பும் உள்ள சுரூபம். மார்ச் 17 வந்தால் விடுமுறை, அவ்வளவுதான். பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் பாம்பே இருந்ததில்லை என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பத்திரிசியார் தம் கைப்பட எழுதிய ஒப்புதல் அறிக்கை ஒன்று இருக்கிறது. போகுமுன் அதைக் கட்டாயம் வாசி, சின்னதுதான். அதில் பாம்பும் இல்லை, புல்லும் இல்லை, சிலேன் தீயும் இல்லை. பதினாறு வயதில் பிரித்தானியாவிலிருந்து கடத்தப்பட்டு, அயர்லாந்தில் ஆறு ஆண்டுகள் அடிமையாக மந்தை மேய்த்த ஒரு பையன் இருக்கிறான். தப்பி வீடு போய்ச் சேர்ந்து, பிறகு தானாகவே அந்த நாட்டுக்குத் திரும்புகிறான். வயதான காலத்தில், ஊருக்குப் போய்ப் பெற்றோரின் மண்ணைப் பார்க்க ஆசைதான், ஆனால் இந்த மக்களை விட்டுப் போக முடியாமல் கட்டுண்டிருக்கிறேன் என்று எழுதுகிறான். எங்கள் கல்லூரியில் இந்த மனிதரை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை. காட்டியிருந்தால் சுரூபத்தை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு கடந்து போயிருப்பேன்.

அந்தக்கால ஐரிஷ் துறவிகள் ஊரைவிட்டுப் போவதையே ஒருவகை மறைசாட்சியமாக எண்ணினார்கள். இரத்தம் சிந்தினால் சிவப்பு. கடவுளுக்காகத் தனக்குப் பிரியமான எல்லாவற்றையும் விட்டுப் பிரிந்தால் வெள்ளை. கொலும்பா 563இல் பன்னிரண்டு தோழர்களோடு கடலைக் கடந்து ஸ்கொட்லாந்தின் ஐயோனாத் தீவுக்குப் போனதை இப்படித்தான் பேசுகிறார்கள். நாங்கள் விசாவுக்கு வரிசையில் நின்றதை எந்த நிறத்தில் சேர்ப்பது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பஞ்ச காலத்தில் தம் குடும்பத்தில் பாதிப்பேர் கப்பலேறிப் போனதாகச் சொன்னார். பிறகு தேத்தண்ணீர் குடிக்கும்போது நீ மெல்பேணில் இருப்பதைக் கேட்டறிந்தார்.

இனி நான் உண்மையில் சொல்லவந்த இடம், மொனாஸ்டர்பொய்ஸ். உங்கள் பிரசுரத்தில் இதற்கு அரை வரிதான் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அங்கே ஒதுக்கியதைவிடக் கூடுதல் நேரத்தை ஒரு கம்பளிக் கடையில் கழிக்க வைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பெயர் பெரிதாக இருந்தாலும் இடம் ஒரு கிராமத்துச் சேமக்காலை. புதிய கல்லறைகள், பிளாஸ்டிக் பூக்கள், நடுவே ஐந்தரை மீற்றர் உயரமான மணற்கல் சிலுவை. ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளாக மழையில் நிற்கிறது. தலைப்பகுதியைச் சுற்றி ஒரு வளையம். உடல் முழுவதும் கட்டம் கட்டமாகச் சிற்பங்கள்.

சிலுவையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மறைக்கல்வி வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். கீழே ஆதாமும் ஏவாளும், பக்கத்திலேயே காயின் ஆபேலை அடிக்கிறான். மேலே தாவீதும் கோலியாத்தும், மோசே பாறையில் தண்ணீர் எடுப்பதும், ஞானிகள் பாலனைப் பார்க்க வருவதும். இன்னும் மேலே கடைசித் தீர்வை. மிக்கேல் சம்மனசு தராசில் ஆத்துமாவை நிறுக்கிறார். கீழே மல்லாந்து கிடக்கும் பசாசு தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. சந்தையில் மீன் நிறுப்பவரைப் பார்ப்பதுபோலவே நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கத்தில் இரண்டு கிழவர்கள் அப்பத்தைப் பங்கிடுகிறார்கள். மற்றவர்கள் பெயர்ப்பலகையைத் தேடினார்கள். எனக்குப் பலகை தேவைப்படவில்லை. அப்பம்மா சொல்லும் வனத்துச் சின்னப்பரும் வனத்து அந்தோனியாரும்தான். காகம் கொண்டுவந்த அப்பத்தை யார் முதலில் பிட்பது என்று இருவரும் உபசாரம் பேசிய கதை உனக்கும் சொல்லியிருப்பார்.

மேற்குப் பக்கத்தின் அடியில் குந்தியிருந்து பார். எங்கள் குழுவில் குந்த முடிந்தவர்கள் சிலர்தான். அங்கே இரண்டு பூனைகள் புடைத்து நிற்கின்றன. ஒன்று குட்டியை நக்கிக்கொண்டிருக்கிறது. அவற்றைச் சுற்றி, கல்லில் தேய்ந்த எழுத்துகள்: இந்தச் சிலுவையைச் செய்வித்த முரெடாக்குக்காக ஒரு மன்றாட்டு. அவ்வளவே. 923 அளவில் இறந்த மடத்துத் தலைவர் ஒருவர்தான் அந்த முரெடாக் என்று பலர் கருதுகிறார்கள். தன் பெருமையாகவோ பதவியாகவோ ஒரு சொல்லும் அவர் போடவில்லை. போகிறவர் வருகிறவரிடம் ஒரு செபம் கேட்டிருக்கிறார். நான் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆங்கிலேயப் பெண், தான் கோயிலுக்கே போவதில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். கேட்டவருக்குக் கொடுக்கிறேன் என்றேன்.

பக்கத்தில் உயரமான வட்டக் கோபுரம் ஒன்று. இப்படிப்பட்டவை நிறைய வரும். வாசல் தரையிலிருந்து ஆள் எட்டாத உயரத்தில் இருப்பதால், வைக்கிங் கொள்ளையர் வந்தால் ஏறி ஒளிவதற்குக் கட்டினார்கள் என்று சொல்லக் கேட்பாய். முதலில் அவை மணிக்கோபுரங்கள். ஒளிந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் கதி நல்லதாகவும் இல்லை. 950இல் சிலேன் கோபுரத்தை, உள்ளே இருந்த ஆட்களோடும் திருப்பண்டங்களோடும் எரித்துவிட்டார்கள் என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. மொனாஸ்டர்பொய்ஸ் கோபுரம் 1097இல் புத்தகங்களோடு எரிந்தது. புத்தகம் எரிந்த கதையை யாழ்ப்பாணத்தானுக்கு விளக்கத் தேவையில்லை.

குளொன்மக்னோய்ஸில் மௌனத்தைத் தேடாதே. கியாரான் 544 அளவில் அந்த மடத்தை நிறுவியபோது சனம் நடமாடாத காட்டைத் தேடவில்லை. ஷனொன் ஆறும் தீவின் குறுக்கே போகும் பெருவழியும் சந்திக்கும் சந்தியைத்தான் பிடித்தார். பிறகு அது பட்டறையும் பள்ளிக்கூடமும் கொண்ட ஊராக வளர்ந்தது. வெளியே நிற்கும் பெரிய சிலுவைகள் இப்போது பிரதிகள். மூலங்களை மழைக்குப் பயந்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் பிரதியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் வழிகாட்டி அதைச் சொன்னார். உள்ளே நூற்றுக்கணக்கில் கல்லறைப் பலகைகள். அங்கேயும் அதே வரிதான்: இன்னாருக்காக ஒரு மன்றாட்டு. வெறும் பெயர், ஒரு சிலுவை, ஒரு வேண்டுகோள். அரசனா சமையற்காரனா என்று சில கற்களில் கண்டுபிடிக்கவே முடியாது.

கிளெண்டலொக் அழகான இடம், மறுக்கமாட்டேன். இரண்டு ஏரி, மலை, முப்பது மீற்றர்க் கோபுரம். அங்கே கெவின் என்ற புனிதர் செபத்துக்கு நீட்டிய கையில் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டதாகவும், குஞ்சு பொரிக்கும்வரை அவர் கையை மடக்கவில்லை என்றும் சொல்வார்கள். எல்லாக் கடைகளிலும் அந்தப் பறவை விற்பனைக்கு இருக்கிறது. அதே புனிதர் தன்னைத் தேடிவந்த ஒரு பெண்ணை ஏரியில் தள்ளிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்குப் பொம்மை இல்லை. இயற்கையோடு ஒன்றிய மென்மையான கெல்டிக் துறவி என்பது பெரும்பாலும் நம் காலத்தவர் செய்துகொண்ட உருவம். கொலும்பானுஸ் என்ற இன்னொரு ஐரிஷ் துறவி (ஐயோனாவுக்குப் போன கொலும்பா அல்ல) தம் சீடருக்கு வகுத்த ஒழுங்கில், சங்கீதத்தின் தொடக்கத்தில் இருமிப் பாட்டைக் கெடுத்தவனுக்கு ஆறு அடி. உன் யோகா வகுப்பில் அப்படி யாரும் அடிப்பதில்லைதானே?

கில்டேரில் புனித பிரிஜிட் அம்மாளின் தீ. பெப்ரவரி 1 அவருடைய திருநாள், பழைய வசந்தத் திருநாளும் அதேதான், அதே பெயரில் ஒரு தெய்வமும் இருந்தாள். யார் யாருக்குள் கலந்தார்கள் என்று இரவுச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குள் சண்டையே வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே கன்னியர்கள் அணையாமல் காத்த தீயைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு அணைந்துபோனதை 1993இல் பிரிஜிடைன் சகோதரிகள் மறுபடி ஏற்றினார்கள். ஊருக்கு வெளியே அவர் பெயரில் ஒரு கிணறும் துணி கட்டும் மரமும் உண்டு. நோயாளியின் துணித்துண்டு உக்க உக்க நோயும் போகும் என்பது நம்பிக்கை. இப்போது உக்காத நைலோன் நாடாவைக் கட்டுகிறார்கள். கட்டுவதானால் பருத்தியாகக் கொண்டுபோ.

டப்ளினில் கெல்ஸ் புத்தகத்தை, கையால் எழுதி ஓவியம் தீட்டிய பழைய நற்செய்தி ஏட்டை, கண்ணாடிக்குள் பார்ப்பீர்கள். கன்றுத்தோலில் 680 பக்கம். நீங்கள் காணப்போவது திறந்துவைத்த பக்கத்தை மட்டும், அதுவும் பின்னால் நிற்பவரின் மூச்சோடு. பார்த்துவிட்டு நகர்ந்துவிடு. பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடி, மழைக்கோட்டு குடையைவிடப் பயன்படும், பாணும் வெண்ணெய்யும் அங்கே நன்றாக இருக்கும். கம்பளிக் கடைக்கு இறங்கச் சொன்னால், மொனாஸ்டர்பொய்ஸில் எவ்வளவு நேரம் என்று முதலில் கேள்.

இன்னொரு காரியம். அப்பம்மாவின் கல்லறையில் எழுத்துகள் முற்றாக அழிந்துவிட்டன என்று சித்தப்பா படம் அனுப்பியிருக்கிறார். அவருடைய மகன் கறுப்புக் கிரனைட், பொன்னெழுத்து, லேசரில் வெட்டிய முகம், பிள்ளைகள் இருக்கும் நாடுகளின் பட்டியல் என்று ஒரு மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறான். எனக்கு அது வேண்டாம். பெயரும், ஒரு சிலுவையும், இவருக்காக மன்றாடுங்கள் என்ற வரியும் போதும் என்று நினைக்கிறேன். அம்மா அப்பம்மாவின் பிறந்த ஊரையும் போட வேண்டும் என்கிறாள், அது நியாயம்தான். நீதான் அவரிடம் அதிகம் வளர்ந்த பிள்ளை, உன் விருப்பத்தை எழுது. நவம்பர் 2, இறந்தோர் திருநாளுக்கு முன் கல்லை வைக்க வேண்டும். கல் வெட்டுகிறவர் ஒக்டோபர் தொடக்கத்துக்குள் வரிகளைக் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா