போரன் இல்லாமல் குர்குமின் வராது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு அறிவியல் பக்கத்தில், "வனிலினையும் அசற்றைலசற்றோனையும் கலந்து சூடாக்கினால் மஞ்சளின் குர்குமின் தயார்" என்று ஒரு வரி. குர்குமின் மஞ்சளின் நிறப்பொருள், வனிலின் வனிலாவின் மணப்பொருள், அசற்றைலசற்றோன் ஒரு சேதனத் திரவம். யாழ்ப்பாணத்து உயர்தர மாணவர்கள் செயற்திட்டத்துக்கு உங்கள் பக்கத்தை வெட்டி ஒட்டுகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் மனம் கேட்கவில்லை.

அந்த வரிப்படி செய்தால் குர்குமின் வராது. அசற்றைலசற்றோனில் இரண்டு காபனைல்களுக்கு (C=O கூட்டங்களுக்கு) நடுவிலுள்ள காபன்தான் எளிதில் ஐதரசனை விடும். வனிலின் அங்கேயே போய் ஒட்டும். நமக்கு வேண்டியதோ இரு முனைகளிலுள்ள மெதைல்கள் (CH₃ கூட்டங்கள்). ஆகவே முதலில் போரன் சேர்வையான போரிக் ஒட்சைட்டால் நடுப்பகுதியைக் கட்டிவைக்க வேண்டும். 1964 இல் பாபொன் என்ற இரசாயனவியலாளர் வெளியிட்ட முறையின் உயிரே அதுதான். 10 கிராம் அசற்றைலசற்றோனுக்கு 30.4 கிராம் வனிலின், அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் 1:2 (மூல் விகிதம்). வனிலின் குறைந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய அரைகுறைச் சேர்வைதான் மிஞ்சும். ஊக்கியான பியூட்டைலமீனைத் துளித்துளியாகவே விட வேண்டும். தாக்கத்தில் பிறக்கும் நீரை வாங்கிக்கொள்ள திரைபியூட்டைல் போரேற்று வேண்டும். நீர் தங்கினால் போரன் கட்டு அவிழ்ந்துவிடும். கடைசியில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தால் நாமே அவிழ்க்கிறோம். அமிலத்தைப் போக்கச் சோடாக் கரைசலால் கழுவுவது பெரும் பிழை: காரத்தில் குர்குமின் சிவந்து சிதையும். நீரே போதும். உலர்ந்த பளிங்கு, குர்குமினின் உருகுநிலையான 183 பாகை செல்சியசுக்கு வெகு முன்பே இளகினால் வனிலின் போகவில்லை என்று பொருள்.

அதே கட்டுரை, ஆய்வுகூடக் குர்குமின் "வேறு பொருள்" என்றும் சொல்கிறது. மூலக்கூறு ஒன்றேதான். மஞ்சளில் மெதொட்சி குறைந்த இரண்டு சேர்வைகள் கூடவே வரும், செயற்கையில் அவை இராது. கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மென்படை நிறப்பகுப்பில் மஞ்சள் சாறு மூன்று புள்ளி காட்டும், செயற்கைக் குர்குமின் ஒன்று.

இது முதல் தடவையானால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஆடாதோடைச் சாற்றைக் கர்ப்பிணிகளும் குடிக்கலாம் என்று எழுதினீர்கள். அதிலுள்ள வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் அல்கலொயிட். அந்த வசிசினை மாதிரியாகக் கொண்டு செய்த புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தையும் ஆடாதோடைச் சாறு என்றே எழுதினீர்கள். அப்போது அனுப்பிய கடிதம் அச்சேறவில்லை. திருத்தமும் வரவில்லை. இரண்டு தலைமுறையாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு இது. அந்த உரிமையில் கேட்கிறேன்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். "போரன்" என்ற சொல் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.