அரை விநாடிக்கு இவ்வளவு அலட்டலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், 911 ஆர் இரண்டையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். "ஒரே இன்ஜின், அரை விநாடி பின்தங்கும் வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் ஏமாளி" என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது, சரி. வழக்கு என்னவென்று கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

இரண்டிலும் 4.0 லிட்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன் என்பது உண்மை. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆர்எஸ் 3.3 விநாடியில் தொடும், ஆர் 3.8 விநாடியில். காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. 2015-இல் வந்த ஆர்எஸ்ஸில், தானே கியர் மாற்றிக்கொள்ளும் பிடிகே கியர்பாக்ஸ் மட்டும்தான். 2016-இல் வந்த ஆரில் கிளட்ச் மிதித்துக் கையால் போடும் ஆறு கியர், அதாவது மேனுவல். ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 20 விநாடியில் சுற்றிய ஆர்எஸ்தான் அங்கே ராஜா, யார் மறுத்தார்கள்? ஆனால் முதுகில் அந்தப் பெரிய இறக்கை இல்லாத ஆர் 323 கிலோமீட்டர் வேகம் போகும், ஆர்எஸ் 310-தான். எடையும் 50 கிலோ குறைவு. இதில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை. போதாததற்கு, பெட்டிச் செய்தியில் ஆர்எஸ்ஸுக்கு 'மேனுவல்' என்று அச்சாகியிருக்கிறது!

2013-இல், ஆர்எஸ்ஸுக்கு அடிப்படையான புது ஜிடி3-இல் மேனுவலை எடுத்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். ஆருக்குக் கிடைத்த விலை அந்த ஆத்திரத்தின் விலை. மொத்தமே 991 வண்டிகள் என்றதும் விற்பவர்கள் பட்டியல் விலையைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். அப்புறம் 2017-இல் நிறுவனமே ஜிடி3-க்கு மேனுவலைத் திருப்பிக் கொடுத்தது. இறக்கையில்லாத 'டூரிங்' என்ற ஜிடி3 வகையும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வந்தது. ஆரின் விலை சறுக்கியது, ஆனால் பட்டியல் விலைக்கு வந்து விழவில்லை. 'முதலீட்டுக் கோணம்' என்று தலைப்புப் போட்டவர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

நான் இங்கே ஒரு கராஜில் வேலை பார்ப்பவன். ஒரு ஆர் எங்களிடம் சர்வீஸுக்கு வந்தது. ஓடோமீட்டர் ஏறக்கூடாதென்று டிரெய்லரில் கொண்டுவந்து, கையால் தள்ளி இறக்கினார்கள். டயரில் புது ரப்பரின் முடிகூடத் தேயவில்லை. ரப்பரோ கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. ஆயில் மாற்றி, பிரேக் ஆயிலும் மாற்றி, மறுபடி டிரெய்லரில் ஏற்றினோம். யாரையாவது ஏமாளி என்றுதான் தீர வேண்டுமென்றால், இப்படிக் கையால் கியர் போடும் வண்டியை வாங்கிவிட்டுக் கியரே போடாதவரைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

தங்கள் இதழில் இது புதிதும் அல்ல. குதிரைத்திறனையும் டார்க்கையும் இடம் மாற்றிப் போட்டீர்கள், எழுதினேன். லம்போர்கினிக்கு மைலேஜ் பார்த்து மதிப்பெண் போட்டீர்கள், அதற்கும் எழுதினேன். அந்தக் கடிதத்தில் "இதழ் அருமை" என்ற ஒரு வரி மட்டும் அச்சேறியது. மிக்க நன்றி. ராசிபலனுக்கு இரண்டு பக்கம் கொடுக்கும் கார் இதழில் கடிதங்களுக்கு இடம் இருக்காதுதான்.

ஆர்எஸ்ஸின் கியர்பாக்ஸ் பற்றி அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். இனி ஒப்பீட்டு அட்டவணையில் எடைக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆளுக்கொரு கட்டம் ஒதுக்கினால் நல்லது.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஸ்டுட்கார்ட்