ஜங்ஷனில் பிறந்த ஊர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குறுவை அறுவடை முடிந்துவிட்டது, இந்த முறை வயலில் ஆள் அரவமே இல்லை, எல்லாவற்றையும் இயந்திரமே அறுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை.

மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோவுக்கு மேற்கே இருக்கிற டேவிஸ்தான் இந்த ஊர். தினமும் காலையில் ரயில் நிலையம் வரை நடக்கிறேன். அங்கே தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்கே சாக்ரமெண்டோவுக்கும், மற்றொன்று வடக்கே உட்லண்டுக்கும் போகிறது. இந்த ஜங்ஷன்தான் ஊரையே உண்டாக்கியது. நம் பக்கத்தில் கோயிலும் குளமும் தெருவும் ஏற்கெனவே இருக்கும், ரயில் பிறகு வந்து சேரும். இங்கே ரயில் வந்த பிறகுதான் தெருவே வந்தது.

அதற்கு முன் இது பட்வின் பழங்குடியினரின் பூமி. பின்னர் ஜெரோம் டேவிஸ் என்பவரின் கால்நடைப் பண்ணை இருந்தது. 1868-இல் கலிபோர்னியா பசிபிக் ரயில்வே வலேஹோ நகரிலிருந்து பாதை போட்டுக்கொண்டு வந்தது. தண்டவாளத்தை ஒட்டிச் சதுரம் சதுரமாக மனை பிரித்தார்கள். பண்ணைக்காரர் பெயராலேயே ஊர் டேவிஸ்வில் ஆயிற்று. சுற்றுவட்டாரக் கோதுமையெல்லாம் இங்கே வந்து ரயில் ஏறியது. பிறகு பாதாம் தோப்புகள் பெருகின. 1897-இலேயே பாதாம் விவசாயிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வியாபாரியின் முன்னால் போய் நின்றால் விலை கிடைக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. படித்தபோது உன்னை நினைத்துக்கொண்டேன். நெல் கொள்முதலைப் பற்றி நீ எத்தனை முறை இதையே சொல்லியிருக்கிறாய்!

ஊரின் தலையெழுத்தை மாற்றியது வெண்ணெய். பீட்டர் ஷீல்ட்ஸ் என்று ஒரு நீதிபதி. வெண்ணெயின் தரம் பார்க்கக் கற்க வேண்டுமானால் கலிபோர்னியாப் பிள்ளைகள் பென்சில்வேனியா வரை போக வேண்டும் என்று அறிந்து மனம் நொந்துபோனார். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1905-இல், விவசாயம் கற்பிக்கும் பல்கலைக்கழகப் பண்ணைக்கான சட்டம் நிறைவேறியது. பல ஊர்கள் போட்டியிட்டன. நல்ல மண்ணும் ரயில் வசதியும் இருந்த இந்தச் சின்ன ஊர் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் பெயரும் டேவிஸ் என்று சுருங்கியது. 1959-இல் அந்தப் பண்ணை முழுப் பல்கலைக்கழக வளாகமானது.

இப்போது தக்காளிக் காலம். இரட்டை டிரெய்லர் லாரிகள் வழிய வழியத் தக்காளி ஏற்றிக்கொண்டு போகின்றன. திருப்பங்களில் பழங்கள் சிதறிக் கிடக்கும். நேற்று ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முட்டை வடிவம், தடித்த தோல். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் ஒரு பக்கம் லேசாக நசுங்கியதோடு சரி. இப்படி ஒரு பழத்தை அந்தப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஜாக் ஹன்னா இங்கேதான் உருவாக்கினார். அதைப் பறிக்கும் இயந்திரத்தை அங்கேயே பொறியாளர் கோபி லாரன்சன் குழுவினர் செய்தார்கள். 1964-இல் மெக்சிகோத் தொழிலாளர்களை வரவழைக்கும் திட்டம் முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, ஆலைக்குப் போகும் தக்காளியை ஏறக்குறைய முழுவதும் இயந்திரமே பறிக்கத் தொடங்கிவிட்டது. கையால் பறித்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இயந்திரம் வாங்க முடியாத சிறு விவசாயிகள் பலர் தக்காளியையே விட்டுவிட்டார்கள். விவசாயிக்காகத் தொடங்கிய கல்லூரியிலிருந்தே இது வந்தது என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கல்லூரி இல்லாவிட்டால் இந்த ஊர் இப்படி வளர்ந்திருக்காது என்பதும் உண்மை.

உன் வயலில் வருடந்தோறும் அறுப்புக்கு வருவார்களே, கீழத்தெருப் பெண்கள், அவர்கள் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார்கள்? விசாரித்து எழுது.

மார்கழிக்குள் ஊர் வந்துவிடுவேன். உனக்கென்று மகள் இந்த ஊர்ப் பாதாம் இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்